அம்மையாருக்காக எழுதியவர்

அம்மையாரின் கடிதங்களும் பத்திகளும் கெட்டி அட்டை போட்டு அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் வந்துவிட்டன. தலைவரின் மனைவிக்கு எவ்வளவு ஈர மனசு, என்ன நடை, என்ன பக்குவம் என்று ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். புகழட்டும். அத்தனை பக்கத்திலும் அம்மையார் கைபட்டது முதல் தாளில் இருக்கும் கையெழுத்து ஒன்றுதான், அதுவும் ரப்பர் ஸ்டாம்ப். அந்த அலுவலகத்தில் பதினான்கு வருஷம் குப்பை கொட்டியவன் நான். மிச்சம் முழுவதையும் எழுதியவர் கமா அக்கா.

கமா என்பது நாங்கள் வைத்த பேர். முன்பு அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர், பேச்சிலும் அங்கங்கே நின்று நின்றுதான் வருவார். நாற்பத்தைந்து வயது, ஒல்லி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளவில்லை என்பது மரியாதைக்குச் சொல்வது. அம்மா செத்தபோது இவருக்குப் பத்தொன்பது, தங்கைக்கு மூன்று. அவளுக்குத் தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஒரு டயர் கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது இவரைக் கேட்டு வர ஆள் இல்லை. அதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்டதும் இல்லை. தங்கை நன்றாக இருந்தால் போதும் என்பார். அந்த ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கவில்லை.

அலுவலகம் என்பது தலைவர் வீட்டுக்குப் பின்னால், கார் ஷெட்டுக்கு மேலே ஒற்றை அறை. மூன்று மேஜை, ஒரு மின்விசிறி, கீழே டிரைவர்கள் கார் கழுவும் சத்தம். கட்சி வார இதழில் அம்மையார் பெயரில் ‘வீட்டிலிருந்து எழுதுகிறேன்’ என்று ஒரு பத்தி வரும். பெண்கள் அதற்குக் கடிதம் எழுதிக் குவிப்பார்கள். தினம் இரண்டு சாக்கு. ஒருமுறை பெயரோடு ஒரு கடிதம் அச்சாகி ஒரு பெண்ணின் மானம் போனதால், அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. நான் கடிதத்தைப் பிரித்து, மேலே ஊரையும் கீழே பெயரையும் கத்தரித்து, நம்பர் போட்டுப் பெட்டியில் வைப்பேன். மிச்சத்தைப் படித்து ஒரு சீட்டில் சுருக்கி எழுதி கமா அக்காவிடம் தள்ளுவேன், கடிதமும் அதே பெட்டிக்குள் போய்விடும். சீட்டில் மூன்று வரிக்கு மேல் இடம் கிடையாது. எனக்குக் கத்தரி என்று பேர் வந்தது அப்படித்தான்.

அக்கா சீட்டைப் பார்த்துப் பதில் எழுதுவார். செயலாளர் வந்து படித்துப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி எப்போதும் வெள்ளையும் சொள்ளையுமாக இருக்கிற அந்த மனிதருக்கு ஒரே ஒரு கொள்கை.

“குடும்பத்தப் பிரிக்கிற யோசனை அம்மையார் வாயிலேருந்து வரவே கூடாது. ஒரு பொண்ணு வெளிய வந்தா நமக்கு ஒரு ஓட்டு. அவ புருஷன், மாமனார், மாமியார், கொழுந்தன்னு போறது எத்தன ஓட்டு? எண்ணிப் பாத்துக்கோங்க.”

இங்கே என்ன எழுதுகிறோம் என்று வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்பது இன்னொரு உத்தரவு. அக்காவின் தங்கைக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா எங்கேயோ டைப் அடிக்கிறாள் என்பதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் தள்ளிய சீட்டு இது: ‘வயது 29. இரண்டு குழந்தைகள். கணவன் அடிக்கிறான். வீட்டை விட்டுப் போய்விடலாமா?’

கமா அக்கா அதற்கு எழுதிய பதில்தான் இப்போது புத்தகத்தில் இருநூற்றுப் பதினோராம் பக்கம். ‘வாசலைத் தாண்ட ஒரு நிமிஷம் போதும் சகோதரி, திரும்பி வரத்தான் ஒரு ஆயுள் போதாது’ என்று தொடங்கும். படித்துவிட்டுச் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். அடுத்த வாரம் இரண்டு சாக்கு நான்கு சாக்காகிவிட்டது. அக்காவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். “அந்த ‘ஆயுள்’ நல்லா வந்திருக்குல்ல தம்பி?” என்று இரண்டு தடவை கேட்டார்.

பதினைந்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பார்க்கப் போனார். தங்கைக்கு உதடு கிழிந்திருந்தது. கதவில் இடித்துக்கொண்டாளாம். அந்த வீட்டுக் கதவுகள் மாதம் இரண்டு தடவை அவளை இடித்துக்கொண்டிருந்தன. அக்கா எப்போதும் சொல்வதையே அன்றும் சொன்னார். கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, இப்போதே கிளம்பு. தங்கை அலமாரியைத் திறந்து துணிக்கு அடியிலிருந்து ஒரு இதழை எடுத்தாள். நின்றபடியே அந்தப் பதிலைக் கடைசிவரை வாசித்தாள்.

“நான்தான்க்கா அம்மையாருக்கு எழுதினேன். எனக்குத்தான் இந்தப் பதில். இனிமே என்னக் கூப்பிடாத.”

அக்கா மறைக்காமல் சொன்னார்.

“அத எழுதினது நான்தாண்டி. அதான் என் வேல. நீதான்னு தெரியாம எழுதிட்டேன்.”

தங்கை சிரித்தாள். கிழிந்த உதட்டோடு சிரித்தாளாம்.

“நீ டைப் அடிக்கிறவ. அவங்க மூணு புள்ள பெத்தவங்க, எத்தனையோ பாத்தவங்க. புருஷன்னா என்னன்னு உனக்கு என்னக்கா தெரியும்?”

மறுநாள் காலை அக்கா என் மேஜைக்கு வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். நம்பர் பார்த்துக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தங்கையின் கையெழுத்துதான். மூன்று பக்கத்தையும் படித்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவே விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். ‘என்னை வளர்த்த அக்கா இருக்கிறாள். வந்துவிடு வந்துவிடு என்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை போ என்று சொன்னால் அக்காவிடம் போய்விடுவேன்’ என்று இருந்தது.

“இந்த வரி எங்க தம்பி?”

“மூணு வரிக்கு மேல சீட்டுல இடமில்லக்கா.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அடிதடி, பிள்ளைகள், வயது என்று பிரமாதமாகப் பொறுக்கி எடுத்தவன், போக ஓர் இடம் இருக்கிறது என்பதை மட்டும் வெட்டி எறிந்தேன். எத்தனை பேருக்கு அப்படி வெட்டினேனோ!

அன்று மதியம் செயலாளர் சாப்பிடப் போனபோது, அம்மையாரின் பெயர் அச்சடித்த தாளை எடுத்து அக்கா தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவசரத்தில் நான்கே வரி வந்தது. ‘முன்பு எழுதியதை மறந்துவிடு. உன் அக்கா வீட்டுக்கு இன்றே போ. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ. தாமதிக்காதே.’ ஸ்டாம்ப் குத்தியது நான். அந்த ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கை அதை இதழோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அக்காவைப் போன் போட்டுக் கூப்பிட்டாள்.

“அம்மையார் இப்படியா எழுதுவாங்க? சகோதரின்னு ஒரு வார்த்த இல்ல, ஆறுதலா ஒரு வார்த்த இல்ல. வீட்டுக்காரி வேலக்காரிய வெரட்ற மாதிரி இருக்கு. என் குடும்பத்தக் கெடுக்க அவங்க பேர்ல பொய்க் கடிதாசி போடுவியா? உனக்கு வெக்கமா இல்ல?”

அத்தோடு விட்டிருக்கலாம். புருஷனிடம் நல்ல பேர் வாங்க அதைக் கொண்டுபோய் அவனிடமே நீட்டினாள். அவன் கட்சிக் கிளைக்குக் கொண்டுபோனான். நான்கு நாளில் அது செயலாளர் மேஜைக்கு வந்துவிட்டது. அவர் கத்தவில்லை. தாளை உயர்த்திப் பிடித்து ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கள்ளக் கையெழுத்துக்கு எத்தன வருஷம்னு தெரியுமில்ல? ஒருத்தர் எழுதியிருக்கீங்க, ஒருத்தர் குத்தியிருக்கீங்க. போலீஸுக்குச் சொல்லணுமா, இல்ல இந்த வாரப் பத்தில அம்மையார் ஒரு எச்சரிக்க எழுதணுமா?”

அப்போது என் மனைவிக்கு மாதம் ஏழு. அக்கா என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் அக்கா, வருவது வரட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். குனிந்துகொண்டேன். அவர் போய் உட்கார்ந்து எழுதினார். ‘என் பெயரில் பொய்க் கடிதங்கள் உலவுகின்றன. எந்தப் பெண்ணையும் வீட்டை விட்டு வா என்று நான் அழைத்ததில்லை, அழைக்கவும் மாட்டேன். சொந்தபந்தம் என்ற பெயரில் உங்கள் வீட்டைக் கலைக்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள் சகோதரிகளே.’ நடை அற்புதமாக இருந்தது, ஆறுதலும் இருந்தது. டயர் கடைக்காரன் அதைக் கத்தரித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினானாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் அக்காவுக்கு இடமில்லை. தெருமுனைவரை போவார், மாடியில் துணி காய்கிறதா என்று பார்ப்பார், திரும்பி வருவார். ஒரு வாரம் துணி காயாவிட்டால் மூன்று நாள் சாப்பிட மாட்டார்.

வேலையை ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். தங்கை மறுபடி எழுதினால் அந்தக் கடிதம் வருகிற இடம் இந்த அறைதான். இரண்டு வருஷம் சீட்டை விட்டுவிட்டுக் கடிதம் ஒவ்வொன்றையும் அவரே முழுசாகப் படித்தார். தங்கை எழுதவில்லை.

அப்புறம்தான் புத்தகம். வெளியீட்டு விழாவில், அம்மையாரின் பதிலால் பிழைத்த குடும்பம் ஒன்றை மேடை ஏற்ற வேண்டும் என்றார் செயலாளர். டயர் கடைக்காரன் குடும்பம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, முகவரிதான் வேண்டும். பெட்டியைத் திறந்து அதையும் எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பற்றி வேறென்ன சொல்ல?

விழா அன்று மண்டபத்தில் கடைசி வரிசையில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். தங்கையும் டயர் கடைக்காரனும் இரண்டு பிள்ளைகளும் மேடையில். முதல் பிரதி தங்கைக்கு. அம்மையார் அவள் தோளில் கை போட்டு மைக்கில் சொன்னார்: “இந்தப் பொண்ணு கடிதத்தப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல.” கூட்டம் கைதட்டியது. அம்மையார் அவளுக்கு இடது பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார், தங்கை பேசாமல் நின்றாள். திரும்பக் கேட்டார். அப்புறம்தான் தங்கை முழுசாகத் திரும்பி வலது காதைக் கொடுத்தாள். அக்கா என் கையைப் பிடித்தார்.

“இடது காது போயிடுச்சு தம்பி. பாரு, போயே போயிடுச்சு.”

விழா முடிந்து கூட்டம் கலையும்போது தங்கை எங்களைப் பார்த்துவிட்டாள். புருஷன் செயலாளரோடு படம் எடுத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து வேகமாக வந்தாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் பத்து வருஷம் கூடியிருந்தது. அக்கா அவள் முகத்தைத் தடவப் போனார், அவள் அரை அடி பின்னால் போனாள்.

“அக்கா, கோவிச்சுக்காத. மேடைல அம்மையார் கேட்டாங்க, உனக்குப் பொறந்த வீட்ல யாரும்மா இருக்காங்கன்னு. யாருமில்லன்னு சொல்லிட்டேன். அவர் பக்கத்துல இருந்தாரு.”

“அதனால என்னடி. சாப்பிடறியா? காது எப்படி…”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.” அவள் கண் நிறைந்துவிட்டது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவில்லை. “அக்கா, உன் வீட்ல அந்தக் கட்டில்…” என்று தொடங்கினாள்.

அப்போது மேடைப் பக்கமிருந்து அவன் கூப்பிட்டான். அது அவளுக்கு இடது பக்கம். அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டான், மூன்றாம் முறை கூப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். அந்த முகம் எப்படி மாறுகிறது என்பதை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். பிள்ளைகள் இரண்டும் அவன் கையில் இருந்தன. இங்கே ஒவ்வொரு நிமிஷமும் ஆக ஆக, வீட்டில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் மணிக்கட்டிலிருந்து எடுத்தார். அவள் வலது காதருகே குனிந்தார்.

“உன் வீட்டுக்காரர் கூப்பிடறாரு. சீக்கிரம் போ.”

தங்கை போய்விட்டாள்.