கவிழ்த்து வைத்த கைப்பேசி

கைப்பேசி விரிப்பின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கஸ்தூரி ஒரு பெரியவருக்குப் பட்டா மாறுதல் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். குரல் திட்டுகிறது, கொஞ்ச நேரம் அழுகிறது, மறுபடி திட்டுகிறது. கஸ்தூரி சர்வே எண்ணை இரண்டாம் முறை சரிபார்க்கிறார். பெரியவர் கைநாட்டு வைக்கும் நேரத்தில் குரல் தானாகவே ஓய்ந்து போகிறது. கஸ்தூரி கைப்பேசியைத் திருப்பி, "பதினேழு நிமிசம். இன்னிக்கு கம்மிதான்" என்கிறார்.

முதல் முறை இதைப் பார்த்தபோது, தொல்லை கொடுக்கும் எண்ணை பிளாக் செய்யத் தெரியாத அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். செய்து தரட்டுமா என்று பெரிய மனுஷத்தனமாகக் கேட்கவும் கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்: "வேணாம் சார். அவன் இங்க பேசிக்கினு இருக்கற வரைக்கும் வேற எங்கயும் தேட மாட்டான்."

வேங்கிக்காலில், அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் சாலையில், ஒரு புங்கமரத்தடிதான் கஸ்தூரியின் இடம். யாருடைய திருமணத்துக்கோ அடித்த பிளெக்ஸ் பேனரை நான்காக மடித்து விரித்திருப்பார். மணமகன் முகத்தின் மேல் அவர் உட்கார்ந்திருப்பார். மனு கொடுக்க வந்தவர்கள் மணமகள் பக்கம். வயது நாற்பத்தாறு. சர்க்கரை இல்லாத டீ. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பேச நேரமிருக்காது. மற்ற நாட்களில் கேட்டதற்கு மட்டும் பதில் வரும்.

அவரிடம் மனு எழுத வருகிறவர்களுக்கு முதலில் விளங்காத ஒன்று உண்டு. ஆதார் எண்ணை வாயால் சொல்ல விட மாட்டார். "அட்டையைக் குடுங்க, வாய மூடுங்க" என்பார். வாங்கிய அட்டையை இடது கைக்குள் மறைத்து, பரீட்சை எழுதும் பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாமல் எழுதுவதுபோல எழுதிவிட்டு, கவிழ்த்துத் திருப்பிக் கொடுப்பார். சாயங்காலம் கிளம்பும் முன் எதிரேயுள்ள விமல்ராஜின் ஜெராக்ஸ் கடைக்குப் போய், அன்று சரியாக விழாத பிரதிகளையெல்லாம் கேட்டு வாங்கி, கடை வாசலில் இருக்கும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைவார். விமல்ராஜ் இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை.

இதையெல்லாம் விட முக்கியமானது, விண்ணப்பத்தில் தொலைபேசி எண் கேட்கும் கட்டம். எழுத வந்தவள் புருஷனை விட்டு ஓடிவந்து தனியாக இருக்கும் பெண் என்று தெரிந்தால், கஸ்தூரி அந்தக் கட்டத்தில் தன்னுடைய எண்ணையே எழுதிவிடுவார். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், "ஆமாங்க, தேவிப்ரியாதான் பேசறேன்" என்பார். அடுத்த அழைப்பில் சந்திரம்மாள் ஆவார். பிறகு உரியவளுக்குச் சேதி சொல்லிவிடுவார். அந்தப் பெண்களின் உண்மையான எண்களை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாற்பத்தோரு எண்களும் மனப்பாடம். ஒரு பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதையில் உதடு அசைய நடந்து வந்தவரைப் பார்த்து, பக்தி என்று நினைத்துக் கும்பிட்டேன். எண்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எனக்கு அவர் பழக்கமானது என் அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் விஷயமாக அலைந்தபோது. ஏழு முறை போனேன். ஏழு முறையும் எங்கள் குடும்பத்தின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு செட் கொடுத்தேன். பழைய செட் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, தேடிப் பார்க்க ஆள் இல்லை, இன்னொரு செட் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்றார்கள். ஆறு செட் நாங்கள் அந்தக் கட்டடத்துக்குள் எங்கோ கிடக்கிறோம். இதைச் சொன்னபோதுதான் கஸ்தூரி முதல் முறையாகச் சிரித்தார்.

அந்தக் கட்டடத்தை அவருக்கு உள்ளிருந்து தெரியும். பெண்களுக்கான உதவிகளைக் கவனிக்கும் ஒரு துறை அங்கே இருக்கிறது, பெயர் வேண்டாம். அதில் ஒன்பது வருடம் ஒப்பந்த முறையில் கணினியில் பதிவு செய்யும் வேலை பார்த்தார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தேர்வான பெண்களின் பட்டியலை உடனே வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார் அப்போதிருந்த அதிகாரி. மேலிடத்துக்கு அவசரமாகக் காட்ட வேண்டுமாம். குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். அலுவலர்கள் பாதி, மீதி யாரென்று யாருக்கும் தெரியாது. பட்டியலில் பெயர், கணவர் பெயர், தொலைபேசி எண். கடைசியாக, 'காரணம்' என்று ஒரு பத்தி. அதில் 'கணவர் அடித்ததால் பிரிந்து வாழ்கிறார்' என்று பொறுப்பாகத் தட்டச்சு செய்திருந்தது கஸ்தூரிதான். குழுவில் போட்டதும் அவர்தான்.

பதினோராம் நாள் சினேகா என்ற பெண் வந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். "இடது காதுல பஞ்சு வச்சிருந்தா சார். பின்னாடி அவ புருஷன் நின்னுகினு இருந்தான். வாபஸ் லெட்டரை நானே டைப் பண்ணிக் குடுத்தேன். லிஸ்ட்டு போட்டது யாருன்னு அவளுக்குத் தெரியாது. கெளம்பறப்போ எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனா." இதைச் சொல்லும்போது கஸ்தூரி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் புதுப்பிக்கக் கேட்கவில்லை. நேராக மரத்தடிக்கு வந்துவிட்டார்.

கவிழ்ந்த கைப்பேசிக்குள் பேசுகிறவன் நந்தினியின் கணவன். நந்தினி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. ரமணாசிரமம் பக்கத்துச் சந்தில் ஓர் அறை, அங்கேயே ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை. இலவசத் தையல் இயந்திரத்துக்கு விண்ணப்பம் போட வந்தவளுக்குக் கஸ்தூரி தன் எண்ணை எழுதினார். தேர்வானவர்களின் முதல் பட்டியலும் வழக்கம்போல வெளியே போனது, அவன் கைக்கும் வந்தது. முகவரியைப் பற்றிக் கவலையில்லை, அவளுடைய ஆதாரில் இன்னும் அவன் வீட்டு முகவரிதான். எண் கஸ்தூரியுடையது. அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு மேல் அழைப்பான். கஸ்தூரி எடுப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசினால் குரல் தெரிந்துவிடும். பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது தன் பெண்டாட்டி என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி பேசாமல் கேட்பாள் என்பதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்ததை அரசாங்கத்தின் அக்கறை வந்து கெடுத்தது. தனிநபர் தகவல்களைப் பாதுகாப்பது பற்றி அந்த அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. 'உங்கள் தகவல், எங்கள் பொறுப்பு' என்று வாசலில் பேனர், அதில் பெரிய பூட்டுப் படம். கடவுச்சொல்லை யாரிடமும் பகிரக் கூடாது என்ற பாடத்தை, திரையின் ஓரத்தில் கடவுச்சொல் எழுதி ஒட்டியிருந்த கணினியில் போட்டுக் காட்டினார்களாம். பயிற்சியின் பலனாக விவரங்களைச் சரிபார்த்தார்கள். நாற்பத்தோரு பெண்களுக்கு ஒரே தொலைபேசி எண் என்று கணினி காட்டிக் கொடுத்தது. அத்தனை வருடத்தில் அந்த அலுவலகம் கண்டுபிடித்த ஒரே தகவல் குற்றம் அதுதான்.

கண்காணிப்பாளர் இராமலிங்கம் கஸ்தூரியைக் கூப்பிட்டு விசாரித்தார். கெட்ட மனிதர் இல்லை. முழுவதும் கேட்டுக்கொண்டார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "புரியுதும்மா நீங்க சொல்றது. ஆனா டேட்டா கரெக்டா இருக்கணும். பாதுகாப்புன்னா அதான்" என்றார்.

"பாதுகாப்பு யாருக்கு சார்? டேட்டாவுக்கா, அந்தப் பொண்ணுங்களுக்கா?" என்று கஸ்தூரி கேட்டார்.

நல்ல கேள்வி, எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார் இராமலிங்கம். கஸ்தூரி எழுதிக் கொடுத்தார். அதற்கு ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. இனி யாருக்கும் தன் எண்ணைப் போடுவதில்லை என்று இன்னொரு கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதனுடன் ஆதார் நகல் வைக்கச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அந்தக் கடிதமும் நகலும், 'இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவும்' என்ற தலைப்போடு ஊர் சுற்ற ஆரம்பித்தன. எங்கள் தெருவின் குழுவுக்கும் வந்தது. மூன்று பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நல்ல மனுஷியைத் தெருவே திருடி என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, எதற்கு வம்பு என்று கைப்பேசியை மூடி வைத்தேன்.

நாற்பத்தோரு பெண்களும் ஏழு நாளைக்குள் சொந்த எண்ணைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் ரத்து என்றார்கள். ஏழு பேர் உதவியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் கொடுத்தார்கள். நந்தினியும் கொடுத்தாள். வேண்டாம் என்று கஸ்தூரி தடுத்துப் பார்த்திருக்கிறார். "மெஷின் வந்தா ரூம்லயே வேலை செய்யலாம்க்கா. கதவைத் தாப்பா போட்டுக்கினே பொழைக்கலாம்" என்றாளாம்.

திருத்திய பட்டியல் ஒரு திங்கட்கிழமை காலையில் சுவரில் ஏறியது. பூட்டுப் படம் போட்ட பேனருக்கு நேர் கீழே ஒட்டியிருந்தார்கள். மாற்றிய எண்கள் பளிச்சென்று தெரியட்டும் என்று, அந்த முப்பத்து நான்கு வரிகளுக்கு மட்டும் யாரோ மஞ்சள் மை பூசியிருந்தார்கள். அதைக் கிழிக்கச் சொல்லி கஸ்தூரி மன்றாடினார். வெளிப்படைத்தன்மை வேண்டுமே அம்மா என்றார் இராமலிங்கம். கிழித்திருந்தாலும் பயனில்லை. அதற்குள் அதைப் படம் எடுத்து எங்கெங்கோ அனுப்பியாகிவிட்டது.

புதன்கிழமை நான் போனபோது கஸ்தூரியின் கைப்பேசி விரிப்பின் மேல் சும்மா கிடந்தது. மணி பதினொன்றரை. ஒரு வரி எழுதுவதும் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார். "ரெண்டு நாளா போன் வரல சார்" என்றார். விட்டது தொல்லை என்று நான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் புத்திக்கு உறைத்து, வெட்கமாகப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் நந்தினி வந்தாள். சேலைத் தலைப்பில் சோப்பு நுரை காயவில்லை; பாதி வேலையில் எழுந்து வந்திருக்க வேண்டும். வலது கையில் கைப்பேசியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அது அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்றது, மறுபடி அதிர்ந்தது.

"நேத்துலேந்து அம்பது தடவைக்கு மேலக்கா. நான் எடுக்கல. ஆஃப் பண்ணவும் முடியல. மெஷின் குடுக்கறப்போ ஆபீஸ்லேந்து கூப்புடுவாங்களாம், எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் பூடுமாம்." அப்புறம் குரல் தாழ்ந்தது. "வாட்ஸ்அப்புல பாப்பா போட்டோ வச்சிருந்தேன். பின்னாடி லாட்ஜி போர்டு தெரியுது. எடுத்துட்டேன். அதுக்குள்ள பாத்துட்டானான்னு தெரியலக்கா."

கஸ்தூரி நந்தினியின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி விரிப்பின் மேல் கவிழ்த்து வைத்தார். அது கவிழ்ந்தபடியே உறுமிக்கொண்டிருந்தது. மனு எழுதக் காத்திருந்த கிழவி ஒருத்தி, என்ன ஏதென்று புரியாமல் தன் காகிதங்களை மடியில் இழுத்துக்கொண்டாள்.

உறுமல் நின்ற இடைவெளியில் கஸ்தூரி தன் கைப்பேசியை எடுத்தார். ஓர் எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்தார். அவரே அவனை அழைப்பது அதுதான் முதல் தடவை. உதட்டின் மேல் விரலை வைத்து நந்தினியைப் பார்த்தார். அந்தப் பக்கம் எடுத்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஏண்டி, இப்பத்தான் எம் ஞாபகம் வந்துச்சா ஒனக்கு? எந்த நம்பர்டி நெஜம், இதுவா, அதுவா?"

கஸ்தூரி வாயைத் திறக்கவில்லை. குரல் சூடு பிடித்து ஓட ஆரம்பிக்கும் வரை காதிலேயே வைத்திருந்தார். பிறகு கைப்பேசியை மெதுவாக இறக்கி, நந்தினியின் கைப்பேசிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். ஒன்று பேசிக்கொண்டிருந்தது, மற்றது அடங்கிக் கிடந்தது. கஸ்தூரி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு கிழவியின் காகிதங்களுக்குக் கை நீட்டினார்.