ஸ்கேனுக்கு முந்தின நாள் குடித்த கூழ்

மலத்தில் முதன்முதலாக இரத்தத்தைப் பார்த்தபோது மூலம் என்றே நினைத்தேன். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிற நாங்கள் பாதிப்பேர் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். “சூடுப்பா, மோர் குடி” என்றார் பக்கத்து மெஷின்காரர். மூன்று மாதம் மோர் குடித்தும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என் அண்ணன் குடல் புற்றுநோயில் போனவர். அதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பயந்துபோய் மறுத்தேன்.

“சரி, சி.டி.ல பாக்கலாம். ஆனா குடல் சுத்தமா இருக்கணும். முந்தின நாள் பூரா தெளிஞ்ச தண்ணி, இளநி. வேற எதுவும் வாணாம் ஐயா.”

சி.டி. கொலோனோகிராபி (குடலில் காற்றை நிரப்பி, வெளியிலிருந்தே உட்சுவரைப் படமெடுப்பது) என்று அதற்குப் பெயர். தேடுவது பாலிப்பை (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை, சில பாலிப்புகள் நாளடைவில் புற்றாகும்).

ஸ்கேன் திங்கட்கிழமை. ஞாயிறன்று எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றினார்கள். பேதி மருந்து குடித்துச் சுருண்டு கிடந்த என்னிடம் மனைவி செல்வி சொம்போடு வந்தாள். பின்னாலேயே, கூழ் ஊற்றுகிற வேலு.

“இன்னாண்ணே, ஆத்தா கூழயே வாணான்றியா? டாக்டரு பெரியவரா, ஆத்தா பெரியவளா?”

“ஒரு வாய் குடிங்க. உங்களுக்காகத்தான் வேண்டிகினேன்” என்றாள் செல்வி.

சொம்பையே காலி செய்தேன். பசி. பழியை அம்மன் மேல் மட்டும் போடக் கூடாது.

மறுநாள், “எதுனா சாப்ட்டீங்களா?” என்று ஸ்கேன் அறைப் பெண் கேட்டார். இல்லை என்றேன். காற்று ஏறி வயிறு உப்பியது. மல்லாக்கப் படுக்கவைத்தும் குப்புறப் படுக்கவைத்தும் படமெடுத்தார்கள்.

“எடது பக்கம் ஒரு எடம் சந்தேகமா இருக்கு. சதையா இருக்கலாம், ஒட்டிகினு இருக்கிற கழிவா இருக்கலாம். ரெண்டு வாரத்துல வாங்க, குழாய் விட்டே பாத்துடணும்” என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்து செல்வியிடம் சொன்னேன். “அட, அது நம்ம கூழுங்க!” என்றாள். வண்டி ஸ்டாண்டில் நின்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்றும் மறக்க முடியவில்லை.

திரும்பிப் போகவில்லை. கூழ் குடித்ததை ஒப்புக்கொள்ள வெட்கம். இரத்தமும் கொஞ்ச நாள் நின்றிருந்தது.

பங்குனியில் குடல் அடைத்துக்கொண்டது. அவசரமாக அறுத்தார்கள். கண் விழித்தபோது வயிற்றில் ஒரு துளை, மலம் விழ அதன்மேல் ஒரு பை. அடைத்தது புற்று; கல்லீரலிலும் அதன் இரண்டு புள்ளிகள் இருந்தன.

கூழ் குடித்ததை அப்போதுதான் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா, சுத்தம் பண்ணி உடனே திரும்ப எடுத்திருப்போம்.”

“அப்ப வெறும் பாலிப்பாதான் இருந்திருக்குமா?”

“தெரியல ஐயா.”

உங்களுக்கு நாளை ஸ்கேன் என்றால் இதை மட்டும் கேளுங்கள். ஒரு வாய் தின்றிருந்தாலும் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், வேறு நாள் தருவார்கள். அவ்வளவுதான். சந்தேகம் என்று எழுதித் தந்தால், உங்களுக்குப் பிடித்த பதிலை நீங்களே அதில் நிரப்பாதீர்கள்.

இந்த ஆடிக்குச் செல்வி கோயிலுக்குப் போகவில்லை. மேளம் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டாள். நானே பையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்ச் சொம்பில் வாங்கி வந்தேன்.

“வாணாங்க” என்று கையைப் பிடித்தாள்.

“நீ கொடுத்தது கூழுதாண்டி. இல்லன்னு பொய் சொன்னவன் நானு.”

குடித்தேன். மீதியை அவள் குடித்தாள்.

மறுநாள் பை மாற்றும்போது செல்வி குனிந்து பார்த்தாள். கேழ்வரகுக் கருப்பு. “வந்துடுச்சு” என்றாள், அவ்வளவுதான்.

வாயிலிருந்து பைக்கு ஒரு நாள். இந்த ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேனுக்கு மூன்று மாதம். அதற்கு மேல் நாங்கள் எண்ணுவதில்லை.