குனிந்தவள்தான் ஊதினவள்

பாலவாக்கத்தில் என் அக்கா வீட்டு வாசலில் நின்று சோப்புக் குமிழி ஊதுவதற்கு முன்னால் என் மகள் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பாள். வண்டி வருகிறதா என்று பார்ப்பதாக முதலில் நினைத்தேன். ஆட்கள் வருகிறார்களா என்றுதான் பார்த்தாள். யாராவது வந்தால் குச்சியைப் புட்டிக்குள் விட்டு மூடி, சுவரோரம் ஒதுங்கி, அவர் கடந்து போகும்வரை காத்திருப்பாள். அந்தத் தெருவில் ஆட்கள் கடந்து முடிவதே இல்லை. மீன் கூடை, தண்ணீர்க் குடம், டியூஷன் சைக்கிள், இஸ்திரி வண்டி என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். வந்த முதல் நாள் அரை மணி நேரம் நின்றவள் ஒரே ஒரு முறை ஊதினாள். அதையும் தரையைப் பார்த்து ஊதினாள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா நைனா, பொண்ணுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். ஜப்பானில் பிள்ளைகள் அப்படித்தான் என்றேன். "அப்ப அந்த ஊருக்கே ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் போனவன் இன்னும் எங்கும் சரியாக உட்காரவில்லை. தி. நகரில் தெரு வியாபாரம், மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் மாவாட்டும் வேலை, பிறகு மஸ்கட், கோலாலம்பூர், கடைசியாகப் பதினோரு வருடமாக டோக்கியோ ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல் முன்னால். யாழினி பிறந்தது அங்கேதான். எட்டு வயது ஆகிறது. இந்த வருடம் முதலாளி கடையை மூடிவிட்டார். அடுத்த வேலை வடக்கே, பனி கொட்டும் ஒரு ஊரில். நான்கு சமையல்காரர்களுக்கு ஒரே அறை. என் மனைவி சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் இருக்கிறாள். இனி அவளுக்குத் தொழிற்சாலை விடுதியில் ஒரு கட்டில். பிள்ளைக்கு எங்கேயும் கட்டில் இல்லை. புதிய வேலை தொடங்குவதற்குள் ஒரு மாதம் இருந்தது. யாழினியைச் செல்வி அக்காவிடம் விட்டுவிட்டுப் போக முடியுமா என்று பார்க்கத்தான் வந்தேன். அக்கா அடையாறில் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். அவளுக்குத் தீபா என்று பதினோரு வயதில் ஒரு பெண். மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் என்னிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "நம்ம வசதிய பாக்காதீங்க. அவ அங்க இருந்துக்குவாளான்னு மட்டும் பாருங்க."

குமிழி விஷயத்தில் நான் அனுபவசாலி. தி. நகர் பனகல் பூங்கா வாசலில் ஒன்றரை வருடம் அதைத்தான் விற்றேன். துணி சோப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து, சிறிது சர்க்கரை போட்டு, கம்பி வளையத்தோடு சின்னப் புட்டிகளில் அடைத்து விற்பேன். பிள்ளையோடு வருகிற அம்மாவைப் பார்த்து ஊதினால் திட்டு விழும். குழந்தையின் முகத்துக்கு நேராக ஊதினால் அது அழும், அழுதால்தான் வியாபாரம். ஜவுளிக் கடைப் பையோடு வருகிற பெண்கள் பக்கம் ஊதக் கூடாது என்பதை ஒரு கடைக் காவலாளி கன்னத்தில் விட்ட அறையில் கற்றுக்கொண்டேன். காபி குடிப்பவர் பக்கம் ஊதக் கூடாது என்பதற்கு இன்னொரு அறை. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவக் கூட்டத்தில் ஒரு மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா கடங்காரா, பட்டுப் புடவையெல்லாம் கறையாக்கிண்டு நிக்கறயே, கொழந்தேள் கண்ணுல வேற படறது, நோக்குக் கண்ணு இல்லையா?" என்றாள். "மாமி, உங்க பேரன்தான் கேக்கறான்" என்றேன். திட்டிக்கொண்டே ஒரு புட்டி வாங்கி, திட்டிக்கொண்டே போனாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அந்த நகரத்தில் இருந்த வரைக்கும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை, அறைந்தவர்கள் உட்பட.

ஜப்பானில் எங்கள் வீட்டுக்கு நான்கு ரயில் நிலையம் தள்ளி ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. யாழினிக்கு ஐந்து வயதில் ஒருமுறை கூட்டிப்போனேன். பொத்தானை அழுத்தினால் குமிழி கொட்டுகிற கோல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ராட்டினத்துக்கு ஒன்றரை மணி நேர வரிசை. நூற்றுக்கணக்கானவர்கள் நின்றார்கள், ஒரு சத்தம் இல்லை. யாழினி கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சும்மா நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. பழைய தொழில்காரன் அல்லவா, வாங்கித் தலைக்கு மேல் தூக்கி அழுத்தினேன். குமிழிகள் வரிசை நெடுகப் பரவின. பின்னால் நின்ற ஒரு தாய், கைக்குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்த முகமாகத் தலை குனிந்து "சுமிமாசென்" என்றாள். மன்னிக்க வேண்டும் என்று அர்த்தம். எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. பெரிய மனதோடு "தைஜோபு, தைஜோபு" என்றேன், பரவாயில்லை, பரவாயில்லை. சொல்லிவிட்டு இன்னொரு முறை அழுத்தினேன். அவளுடைய கணவனும் குனிந்து அதையே சொன்னான். அவனுக்கும் பரவாயில்லை என்றேன். வரிசையில் எல்லாரும் புன்னகையோடு எங்களைவிட்டு ஓர் அடி நகர்ந்தார்கள். யாழினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் தண்ணீர். "அவங்க உன்னைத் திட்டறாங்கப்பா" என்றாள்.

எட்டு வருடம் அடுப்படியிலேயே கிடந்தவனுக்கு அந்தத் திட்டு காதில் விழவில்லை. அங்கே மிதிபட்டவன்தான் முதலில் மன்னிப்புக் கேட்கிறான். மிதித்தவன் அதைக் கேட்டு வெட்கப்பட்டு, அவனைவிட ஒரு சாண் அதிகமாகக் குனிய வேண்டும். பிறகு நானும் கற்றுக்கொண்டேன். பேருந்தில், வங்கியில், வாடகைக்கு வீடு தர மறுத்தவர்கள் முன்னால், எல்லா இடத்திலும் குனிந்தேன். வீடு தர மறுத்தவர்களும் சிரித்த முகத்தோடு குனிந்துதான் மறுத்தார்கள். அந்த மரியாதையை நான் இன்றைக்கும் நம்புவதில்லை. யாழினியோ அதை முழுதாக நம்பி வளர்ந்தாள். கூட்டத்தில் ஊதக் கூடாது, வரிசையில் ஊதக் கூடாது, தின்கிறவர் பக்கமும் தள்ளுவண்டிக் குழந்தையின் பக்கமும் ஊதக் கூடாது, அடுத்த பிள்ளையின் குமிழியை உடைக்கக் கூடாது, யார் மேலாவது பட்டால் உடனே குனிய வேண்டும். மழலையர் பள்ளியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதெல்லாம்.

வந்த இரண்டாவது வாரம், ஒரு விடுமுறை நாளில், அக்கா எல்லாரையும் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். சென்னையில் பாதி அங்கே வந்திருந்தது. ஆடும் கப்பலுக்கு வரிசை என்று ஒன்று இருந்தது. ஆனால் அது நான்கு பேர் அகலமாக இருந்தது. தீபாவிடம் குமிழித் துப்பாக்கி. அவளைப் போல இன்னும் பத்துப் பிள்ளைகளிடம் இருந்தது. சுட்ட குமிழியெல்லாம் கழுத்திலும் தலையிலும் வந்து உடைந்தன. பஜ்ஜி தின்ற ஒரு பெண் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு தொடர்ந்து தின்றாள். யாழினி மட்டும் தன் குச்சியைத் தரைக்கு நேராகப் பிடித்து, செருப்புகளுக்கு நடுவில் ஊதினாள். யார் யாரோ பிள்ளைகள் வந்து அதையும் மிதித்து உடைத்தார்கள்.

"ஏய், தரைக்கு இன்னாத்துக்குடி ஊதற? எறும்பு வெளையாடவா?" என்றாள் தீபா.

"மேல பட்டுடும்."

"படட்டுமே. அதுக்குத்தான கீது."

அப்போதுதான் எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரின் தோளில் இருந்த குழந்தை வீறிட்டது. கண்ணில் சோப்பு. தகப்பன் திரும்பி "எவன்டா ஊதுனது?" என்று கத்தினார். பத்துத் துப்பாக்கிகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன, தீபாவுடையதும். யாழினி ஓர் அடி முன்னால் போய், இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி, இடுப்புவரை குனிந்து, "சாரி அங்கிள்" என்றாள். நிமிர்ந்து இன்னொரு முறை குனிந்தாள்.

பஜ்ஜிக்காரப் பெண் சொன்னாள்: "இதாங்க. அதுவே சாரின்னு ஒத்துக்குது பாருங்க."

சுற்றி இருந்த எல்லாருக்கும் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. குனிந்தவள்தான் ஊதினவள். தகப்பன் அவள் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார். "பெத்தவன் எங்க? வளக்கத் தெரியாதா?" என்று கேட்டார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். அவள் ஊதியது தரையில்தான் விழுந்தது என்று எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்தேன். அவர் எதிரில் நின்றதும் என் முதுகு என்னைக் கேட்காமல் வளைந்தது. "சாரி சார்" என்றேன். "அப்பனே ஒத்துக்கினான்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாழினி என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்லுவேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

தண்ணீர் வாங்கப் போயிருந்த அக்கா அப்போதுதான் வந்தாள். "யோவ், கொயந்த கைலேர்ந்து புடுங்கறியே, வெக்கமால்ல? இந்தக் குச்சில ஊதுனா ஒன் மொழங்கால் வரிக்கும் வருமா? ஒன் தலைக்கு மேல பத்து துப்பாக்கி சுட்டுக்கினு கீது, அத்த கேக்க மாட்ட. குனிஞ்ச தலன்னா குட்டுவியா?"

"ஏம்மா, வார்த்தைய அளந்து பேசு."

"நீ அளந்து குடு, நா பேசறேன்."

கூட்டம் சிரித்தது. தீர்ப்பு அந்த நிமிடமே மாறியது. பஜ்ஜிக்காரப் பெண்கூட "பாவம், சின்னப் பொண்ணு" என்றாள். அக்கா அதே வேகத்தில் குழந்தையை வாங்கி, "கண்ண தேய்க்காத, தண்ணிய ஊத்து" என்று கழுவிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தகப்பன் அவளிடம் வஞ்சிரம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாழினியிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. புட்டி காலடியில் கிடந்தது.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அக்கா என்னைப் பார்க்காமலே பேசினாள். "பதினோரு வருசமா அங்க இன்னாடா கத்துக்கின? தலைய தலைய ஆட்றதா? இத்த வுட்டுட்டுப் போ, எம் பொண்ணு மாதிரி பாத்துக்கிறேன். ஆனா அது குனியறத நிறுத்தணும். நிறுத்தலன்னா ஸ்கூல்ல ஒரு பென்சில்கூட அதுங்கிட்ட மிஞ்சாது."

"நான் ஊதலையேப்பா. ஏன் என்னைத் திட்டினாங்க?" என்றாள் யாழினி.

"நீ சாரி சொன்னதால."

"பாப்பா அழுதுச்சு. அதுக்குச் சொன்னேன்."

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஊரில் இருக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். என்னைப் போல வெளியே பிள்ளை வளர்க்கிறவர்களைக் கேட்டுப் பயனில்லை. அவர்களும் இதே போல எங்காவது ஒரு வரிசையில் வாயடைத்து நின்றிருப்பார்கள்.

அதற்குப் பிறகு தீபா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஆள் வந்தால் ஊது, மேலே பட்டால் சிரி, திட்டினால் 'நா இல்ல' என்று சொல். தினமும் சாயங்காலம் வாசலில் இதுதான் பாடம். கடல் காற்று குமிழிகளைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். யாழினி முதலில் பாதி ஊதி நிறுத்தினாள், பிறகு முழுதாக ஊதினாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை "சாரி" வராமல் போகும்போதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. போன வாரம் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. நாளை மறுநாள் நான் மட்டும் விமானம் ஏறுகிறேன்.

இன்று காலை எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குமிழி ஒன்று போய் அவர் கண்ணில் உடைந்தது. "ஏய் ஏய், கண்ணு!" என்றார். கையில் புட்டியோடு நின்ற யாழினி, "நா இல்ல" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னைப் பார்த்து, "இப்ப ஒடம்பு சரியாய்ட்ச்சு நைனா" என்றார்.

நான் படியிறங்கி வந்தேன். அவள் திரும்பி என் முகத்துக்கு நேராக ஊதினாள், நான் பூங்கா வாசலில் ஊதிய மாதிரியே. கண் எரிந்தது. "சுமிமாசென்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது, தலையும் தாழ்ந்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுடைய கழுத்து ஒரு விரல் அளவு குனிந்தது. பின்னால் தீபா நின்றிருந்தாள். யாழினி சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். நான் கண்ணைத் தேய்க்காமல், குனிந்தபடியே நின்றேன்.