முதல் பக்கத்தில் இருந்த டாலர் குறி

விழுப்புரம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வாங்கிய முதல் லினக்ஸ் புத்தகம் தலையணை மாதிரி இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் தொடை மரத்துவிட்டது. புத்தகம் தடியாக இருந்தால் நல்ல புத்தகம் என்று நினைத்திருந்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

புத்தகம் டைப்பிஸ்ட் அக்காவுக்காக. நாங்கள் இருவரும் திண்டிவனத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தோம். அக்கா திருவாமாத்தூர்க்காரர். டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு. மூலத்தில் உள்ளதில் ஒரு புள்ளியை விடவும் மாட்டார், கூட்டவும் மாட்டார். முதலாளி திடீரென்று கம்ப்யூட்டர்களை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினார். பத்திரம் அடிப்பதில் சிரமமில்லை. சாயங்காலம் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி, அன்றைய பத்திரங்களை இன்னொரு கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுப்பதுதான் அக்காவுக்கு வரவில்லை. மாதக் கடைசிக்குள் கற்றுக்கொள்ளாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அக்காவின் வீடு அந்த ஒரு வேலையில்தான் ஓடியது.

தடிப் புத்தகத்தைப் பார்த்து எதை அடித்தாலும், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கம்ப்யூட்டர். லினக்ஸ் போட்டுக் கொடுத்த ஆளுக்குப் போன் போட்டால், "புக்கைப் பாத்து அடிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். இரண்டாவது புத்தகம் வாங்கினேன், மூன்றாவதும் வாங்கினேன். எல்லாம் தெரிந்தவள் போல நான் உட்கார்ந்து அடித்தபோதும் அதே பதில்தான்.

"புக்குல இருக்கறதத்தானேடி அடிச்சிக்கினு இருக்கேன். எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சு போல" என்று சொல்லும்போது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலாவது முறை விழுப்புரம் புத்தகக் கடைக்குப் போனபோது கடைக்காரரே ஒரு ஒல்லியான தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பஸ் முண்டியம்பாக்கம் தாண்டும்போது பிரித்தேன். முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது: வரியின் தொடக்கத்தில் இருக்கும் டாலர் குறியைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும், நீங்கள் அடிக்க வேண்டாம்.

மற்ற மூன்று புத்தகங்களிலும் ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் டாலர் குறி இருந்தது. அதை அடிக்கக் கூடாது என்று ஒருவரும் எங்கள் கண்ணில் படும்படி சொல்லவில்லை. அக்கா ஒரு தடவைகூட அதை விடாமல் அடித்திருந்தார். அவரைப் பார்த்து நானும்.

அதைப் படித்துவிட்டு அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். "எழுதனவன் நம்மள மாதிரி முழிச்சவன்டி. அதான் எடுத்த எடுப்புலயே சொல்லிட்டான்" என்றார். பிறகு நிதானமாக, டாலர் இல்லாமல் அடித்தார். திரையில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"என்னாடி, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது?"

புத்தகத்தைப் புரட்டினேன். வேலை சரியாக முடிந்தால் அது பேசாது என்று போட்டிருந்தது. எழுந்து போய் அடுத்த கம்ப்யூட்டரில் பார்த்தோம். அன்றைய பத்திரங்கள் அத்தனையும் அங்கே இருந்தன.

இப்போது யாராவது என்னிடம் கம்ப்யூட்டர் கற்க நல்ல புத்தகம் கேட்டால் நான் தடிமனைப் பார்ப்பதில்லை. புதிதாக வருகிறவர் எங்கே தடுக்கி விழுவார் என்று எழுதினவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். என் ஊரான விழுப்புரத்திலேயே வேலை கிடைத்து நான் வந்துவிட்டேன். திண்டிவனத்து முதலாளி அதன் பிறகு இரண்டு தடவை கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார். டைப்பிஸ்ட்டை மாற்றவில்லை.