புத்தகத்தில் ஏறிய பாட்டில்

காக்களூரில் தண்ணீர் பாட்டில் செய்யும் கம்பெனியில் கன்னியம்மாவுக்கு ஒன்பது வருஷ வேலை. மெஷினிலிருந்து வந்து விழும் பாட்டில்களில் கோணலையும் ஓட்டையையும் பார்த்து ஒதுக்க வேண்டும். கண் பொல்லாத கண். கைதான் காலை வாரியது. இழுப்புக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் போட்டால் மூச்சு வந்தது, கூடவே விரல் நடுக்கமும் வந்தது. பாட்டில் நழுவி நழுவி விழுந்ததில், ஒரு மாசம் பார்ப்பேன், அப்புறம் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

துபாயில் வெல்டராக இருந்த தம்பி ஸ்டீவனுக்கும் அதே இழுப்பு. அங்கே அவனுக்கு மாத்திரை இல்லை; தினமும் வாயில் அடித்து உறிஞ்சுகிற இன்ஹேலர் பம்ப்தான். அக்காவுக்கும் ஒன்று கொடுத்தனுப்பினான். கன்னியம்மா அதை அடித்தால் மருந்தெல்லாம் நாக்கோடு நின்றது. துபாய் மருந்து துபாய் உடம்புக்குத்தான் சேரும் என்று முடிவு கட்டிவிட்டாள். தம்பி உடம்பும் தன்னைப் போலச் சொந்த ஊர் ஆரம்பாக்கத்தில் வளர்ந்ததுதானே என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

உறைத்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பம்பை எடுத்துக்கொண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரி டாக்டர் ஜபீன் முன்னால் போய் நின்றாள்.

"இன்னா டாக்டரம்மா, ஒரே வவுத்துல பொறந்தோம். அவனுக்கு ஒரு வைத்தியம், எனக்கு ஒரு வைத்தியமா? யாரு சொல்றது நெசம்?"

"ரெண்டும் நெசந்தான். அந்தந்த ஊர்ல கெடைக்கிறத வச்சித்தான் எழுதிக்கிறாங்க."

பம்ப்தான் நல்லது என்று ஜபீனுக்கும் தெரியும். இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதோ மாத்திரை. பம்ப் மருந்து நாக்கில் நிற்காமல் நெஞ்சுக்குள் போக, பம்புக்கும் வாய்க்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கூடு வேண்டும், பணக்கார நாட்டில் அதைக் கடையில் வாங்குவார்கள், வாங்க வழியில்லாத ஆப்பிரிக்க நாட்டு டாக்டர்கள் சோதித்துப் பார்த்து அந்தக் கூட்டுக்குப் பதில் வேறொன்றை எழுதினார்கள் என்று சொல்லி, ஒரு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

படத்தில் இருந்தது அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்.

கன்னியம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கோ கடலுக்கு அப்பால், முகம் தெரியாத யாரோ, தன்னைப் போல ஒருத்தியின் மூச்சை நினைத்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார்கள். தினமும் அவள் கையில் புரளுகிற சாமான், பெரிய படிப்பாளிகளின் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

"நம்ம பாட்டிலா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கோணலில்லாத பாட்டிலாகப் பார்த்துக் கொண்டுபோனாள். ஜபீன் அதன் அடியில் பம்ப் நுழையுமளவு ஓட்டை போட்டார். ஒன்பது வருஷமாக ஓட்டைப் பாட்டிலை ஒதுக்கியவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பக்கத்தை உதட்டில் பொருத்தி, ஓட்டையில் செருகிய பம்பை அடித்து மெதுவாக உறிஞ்சினாள். தினமும் உறிஞ்சினாள். வாரங்கள் போக இழுப்பு அடங்கியது; டாக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

கெடு வைத்த மாசம் முடிந்த அன்று சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். கன்னியம்மா ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கை ஆடவில்லை. அவர் பார்க்கப் பார்க்கவே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைத்தாள்.