கடைசி லேப் மணி

1. எனக்கு நானே கிண்டிய கேசரி

ஐம்பது வயது பிறந்த அன்று காலை எனக்கு நானே கேசரி கிண்டி நானே சாப்பிட்டேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். மகன் கம்ப்யூட்டர் படித்துப் பெங்களூர் போயிருந்தான். அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பி.இ.டி. டீச்சர். மூத்தோர் தடகளத்தில் ஐயாயிரம் மீட்டர் ஓடுவேன். அதில் ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு. ஊரில் பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். நாங்களோ அடுத்த பிரிவு எப்போது வரும் என்று காத்திருப்போம். நாற்பத்தைந்து பிரிவில் நான் கிழவி, ஐம்பதில் குமரி. மண்டலத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எனக்கென்று இருந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான்.

அந்த வருடம் பார்த்து உடம்பு மக்கர் பண்ணியது. தீட்டு சில மாதம் வராது; வந்தால் நிற்காது. ஓடாமல் சும்மா நிற்கும்போதே மார்பிலிருந்து உச்சந்தலை வரை சூடு ஏறி ஜாக்கெட் நனைந்துவிடும். தூக்கம் போயிற்று. குடமுருட்டி ஆற்றங்கரையில் பாதி தூரம் ஓடுவதற்குள் கால் இரண்டும் சேற்றில் நட்ட மாதிரி கனக்கும்.

எதிரே வயலுக்குப் போகிறவர்கள், “என்ன டீச்சர், சுகரா? டாக்டர் நடக்கச் சொன்னாரா?” என்பார்கள். ஒரு பெண் சும்மா ஓடுவாள் என்று யாருக்கும் தோன்றாது. நானும் சிரித்து வைப்பேன்.

2. டைமிங் கெட்டால்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. டைமிங் கெட்டால் ஓடுகிற தூரத்தைக் கூட்டு. பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் எனக்கும் செய்தேன். கூட்டக் கூட்ட டைமிங் இன்னும் கெட்டது. கெண்டைக்காலுக்கு முன்னே எலும்பு வலி வேறு.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் போன் பண்ணினார். பாதி தைரியத்தில் உடம்பைப் பற்றிச் சொன்னேன்.

“முடியலன்னா ஓடாத. உன்னை யாரு ஓடச் சொன்னா?” என்றார். கோபமில்லை, அக்கறைதான். ஆனாலும் போனை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

தஞ்சாவூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தீட்டு நிக்கப்போற நேரம்மா இது. அதிகமாப் போயி ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. இதோட தூரத்தக் கூட்டினா எப்படி? ஓடுங்க, வேணாங்கல. ஆனா நடுவுல ரெஸ்ட் எடுங்க. பழைய மாதிரி உடம்பு ஒரு நாள்ல தேறாது. எலும்பையும் பாத்துக்கணும்.”

ஓடுங்க என்று ஒருவர் சொன்னதே எனக்குப் பாதி மருந்து.

3. நாகூரில்

மண்டலப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பொறுப்பாளர் கூப்பிட்டார். “மேடம், அம்பது பிரிவுல நீங்க ஒருத்தர்தான். மூணு பேர் இல்லாம தனியா நடத்த முடியாது. முப்பத்தஞ்சு பிரிவோட சேந்து ஓடிடுங்க.”

என்னோடு வருடக்கணக்கில் ஓடிய ஜுலைகா டீச்சர் நினைவுக்கு வந்தார். என்னைவிட மூத்தவர், நாகூரில் பி.இ.டி. முட்டி வலி என்று சொல்லி ஓடுவதை நிறுத்திவிட்டார். அவராவது வந்தால் துணையாக இருக்குமே என்று பஸ் பிடித்துப் போனேன்.

“முட்டி எப்படி இருக்கு டீச்சர்?” என்றேன்.

டீயை என் முன்னால் வைத்தார். “முட்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு.” அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “திடீர்னு வேர்க்கும், படபடன்னு வரும். டிராக்குல துணியெல்லாம் நனைஞ்சிருமோன்னு பயம். இத யார்கிட்ட சொல்றது? முட்டின்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க.”

ஒரே டிராக்கில் ஓடியவர்கள் நாங்கள். ஆளுக்கொரு ஊரில், தனக்கு மட்டும்தான் என்று தனித்தனியாக ஒளிந்திருக்கிறோம். என் கதையைச் சொன்னேன். இருவருக்கும் டீ ஆறிப்போயிற்று.

“வாங்களேன், ஓடலாம்.”

“இனிமே என்னால ஓட முடியாது டீச்சர். பாக்க வேணா வர்றேன்.”

4. தஞ்சாவூர் மைதானம்

ஜெயிப்பதெல்லாம் போய், முடித்தால் போதும் என்று ஆகியிருந்தது. சின்னவர்கள் என்னை ஒரு லேப், ஒரு முழுச் சுற்று, தாண்டினார்கள், அப்புறம் இன்னொன்று. முதலில் வருகிற பெண்ணுக்குக் கடைசி லேப் மணி அடித்தார்கள். எல்லோரும் முடித்துவிட்டார்கள். கை தட்டினவர்கள் பந்தலுக்குப் போனார்கள். நான் மட்டும் டிராக்கில். சுற்றின் பாதியில் அந்தச் சூடு ஏறியது. எனக்கே என் மேல் பரிதாபமாக இருந்தது. விலகிவிடலாம், முட்டி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முடிவுக் கோட்டருகே வந்தபோது மணி அடித்தது. முதலில் வருகிறவருக்கு மட்டும் அடிக்கிற மணி அது. மேசைக்குப் பக்கத்தில் புர்காவோடு ஜுலைகா டீச்சர். மணிக்கயிறு அவர் கையில்.

“ஏம்மா, ரேஸ் முடிஞ்சிருச்சு!” என்று யாரோ கத்தினார்கள்.

“அவங்களுக்கு இன்னும் ஒரு லேப் இருக்குல்ல?” என்று அதட்டிவிட்டு இன்னும் பலமாக அடித்தார். அழுதுகொண்டேதான் ஓடி முடித்தேன். மாநிலப் போட்டிக்கு நான் போகவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற பி.இ.டி.களுக்கு ஒன்று சொல்வேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் முட்டி வலி என்று ஓரமாகப் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து இன்னொரு கேள்வி கேளுங்கள்.