முதல் பந்திக்கு இடமில்லை

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் சித்தப்பா குடும்பம், மேல்வீட்டில் நாங்கள். சித்தப்பாவுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. ஊர் காலையில் எழுந்து டீயோடு பன் தின்ன வேண்டும் என்றால், அதற்கு முன்னால் ஒருவர் எழுந்து மாவு பிசைந்தாக வேண்டும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஒருவர் சித்தப்பாதான். தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'பன் மாமா'.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். வந்துவிடும் என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரோ சுவிட்சை அணைத்தது போல ஆளே விழுந்துவிடுவார். பேசிக்கொண்டிருந்தால் பாதிப் பேச்சில், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தால் ஒரு செருப்போடு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. ஆனால் உடம்புக்கு விடுமுறை தெரியாது. அன்றைக்கும் ஆறு மணிக்குக் கண் சொருகிவிடும்.

சித்திக்கு மருந்துக் கடையில் வேலை. ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். அவர் வந்து, சமைத்து, பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும்போது சித்தப்பா முதல் தூக்கத்தில் இருப்பார். நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை.

அந்த வீட்டுக்குள் போனால் முதலில் காதுதான் திகைக்கும். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டியிருக்கும். கதவுக் கீல்களில் எண்ணெய் மினுங்கும். டிவி ஓடும், சத்தம் இருக்காது. படத்தில் வாயசைப்பவர்களுக்கு என்ன வசனம் என்பதைச் சித்தப்பா மகனும் மகளும் கிசுகிசுப்பாகத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். ரொம்பச் சிரிப்பு வந்தால் சின்னவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள், அல்லது மாடிப்படியேறி எங்கள் வீட்டுக்கு வந்து சிரித்துவிட்டுப் போவாள். பெரியவன் எங்கும் போகமாட்டான். பதினொரு வயது. எல்லாரும் அவனைப் பூனை என்றுதான் கூப்பிடுவோம். நடப்பது தெரியாது. பேசுவதும் தெரியாது.

இதையெல்லாம் நாங்கள் நல்ல பழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். வந்த விருந்தாளிகளெல்லாம் பிள்ளைகளை மெச்சிவிட்டுப் போவார்கள்.

பள்ளியில் ஒரு நாள் பூனையின் டீச்சர் பெற்றோர் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சித்தி கடையில் இருந்ததால் சித்தப்பா போனார், வேலை முடிந்த கையோடு, புருவத்தில் மாவு ஒட்டியிருக்க. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் பையனுக்கு உதடு மட்டும்தான் அசைகிறது என்றார் டீச்சர். மைதானத்தில்கூடக் கத்துவதில்லையாம். ஒரு தடவை விரல் கதவிடுக்கில் மாட்டியபோதும் சத்தம் வராமல் அழுதானாம். கடைசியில் டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார், வீட்டில் யாராவது அடிப்பார்களா என்று.

"எங்க வீட்டுல யாரும் யாரையும் ஒரு வார்த்தை அதட்டினதுகூட இல்லையே மேடம்" என்றாராம் சித்தப்பா.

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நாற்காலிக் கால்களில் மாட்டியிருந்த காலுறைகளை ஒவ்வொன்றாக உருவி எறிந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லாம் பழையபடி இருந்தன. பூனைதான் எடுத்து மாட்டியிருந்தான்.

அதற்கப்புறம்தான் சித்தப்பாவுக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுலா ஏஜென்சி இருக்கிறது. அதன் கண்ணாடியில் சொகுசுக் கப்பல் படம் ஒன்று ஒட்டியிருந்தது. ஐந்து நாள் பயணம், குழந்தைகளுக்கு இலவசம் என்று பெரிதாகவும், குடும்பங்களுக்கு இரவு உணவு முதல் பந்தி ஐந்தரை மணிக்கு என்று சிறிதாகவும் போட்டிருந்தது. சித்தப்பா சின்ன எழுத்தைத்தான் பார்த்தார். நல்ல விழிப்பில் அவர் உட்காரக்கூடிய நேரத்தில், ஒரு கூடம் நிறைய ஜனங்கள் இரவுச் சாப்பாடு சாப்பிடும் இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

சித்திக்கு இது துளியும் பிடிக்கவில்லை. பக்கத்து ஊருக்குப் போய் ஒரு விடுதியில் தங்கினால் போதாதா என்றார்.

"எந்த ஊருக்குப் போனாலும் முதலாளி போன் பண்ணுவார். ரெண்டு தடவை பாதி வழியில திரும்பி வந்தோமே, மறந்துட்டியா? மூணாவது தடவை உங்கம்மா வீட்டு வாசல்லயே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நடுக்கடல்ல என்ன பண்ணுவார், நீந்தியா வருவார்?"

"வந்தாலும் வருவார்" என்றார் சித்தி. ஆனால் அதோடு விட்டுவிட்டார். இந்த மனுஷர் வாயைத் திறந்து எதையாவது வேண்டும் என்று கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று மாடிக்கு வந்து எங்கள் அம்மாவிடம் சொன்னார்.

ஏஜென்சியில் இருந்த மேடம் பொறுமையானவர். முதலில் விலையை உரித்துக் காட்டினார். கண்ணாடியில் போட்டிருப்பது ஒரு ஆளுக்கான விலை, அதுவும் ஒரு அறையில் இரண்டு பேர் தங்கினால். பிள்ளைகளுக்குப் படுக்கை இலவசம், ஆனால் துறைமுக வரியும் பணியாளர்களுக்கான தொகையும் உண்டு. ஜன்னல் வேண்டுமென்றால் தனி விலை. சித்தப்பா ஜன்னலை விட்டுக்கொடுத்தார். இலவசப் படுக்கையும் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால்தான். பூனைக்கு அடுத்த விடுமுறையில் பன்னிரண்டு முடிந்துவிடும். முழு டிக்கெட் என்றால் கட்டுப்படியாகாது. போனால் இந்த விடுமுறை, இல்லாவிட்டால் இல்லை.

சேமிப்பைத் துடைத்து முன்பணம் கட்டினார். அது திரும்பி வராத பணம் என்று மேடம் சொன்னதற்குத் தலையாட்டினார். கையெழுத்தெல்லாம் போட்ட பிறகு மேடம் கணினியைத் தட்டிவிட்டுச் சொன்னார், ஐந்தரை மணிப் பந்தி நிரம்பிவிட்டது, பள்ளி விடுமுறை அல்லவா, எட்டே கால் பந்தியில்தான் மேசை இருக்கிறது என்று.

அந்த ஒரு சாப்பாட்டுக்காகத்தான் கப்பல் என்று சித்தப்பா அவரிடம் அதுவரை சொல்லவே இல்லை. சொல்லாமலே தெரியும் என்பது போல நினைத்துக்கொண்டிருந்தார்.

மேடத்துக்கு அவர் முகம் புரியவில்லை. பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எண்ணி நல்ல செய்தி ஒன்று சொன்னார்.

"கவலைப்படாதீங்க சார். அஞ்சு மணிக்கே குழந்தைங்களைத் தனியா கூட்டிட்டுப் போய்ச் சாப்பாடு குடுத்து, விளையாட வச்சுப் பாத்துப்பாங்க. நீங்களும் மேடமும் எட்டே காலுக்கு நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

"எனக்கு நிம்மதி வேண்டாம் மேடம்" என்றார் சித்தப்பா. "என் பிள்ளைங்களோட சாப்பிடணும்."

மேடம் காத்திருப்போர் வரிசையில் பெயரைப் போட்டார். யாராவது விலகினால் மேசை அவர் கணினிக்கு வரும். உடனே ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஏஜென்சிக்குப் போய்விடும். போன் பண்ணிக் கேட்காமல் தானாக மாற்றவும் கூடாதாம். ஒரு வார்த்தை 'சரி' என்று சொன்னால் போதும் என்றார்.

அந்த நாட்களில் சித்தப்பாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேசை கிடைக்காமல் போய்விட்டால் எட்டே கால் வரை விழித்திருக்கப் பழகவேண்டும் என்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினார். தூக்கம் கெட்ட கண்ணோடு வேலைக்குப் போய், சூடான தட்டை வெறும் முழங்கையில் வாங்கிக்கொண்டார். சித்தி கட்டுப் போட்டுக்கொண்டே அழுதார், அதையும் சத்தமில்லாமல்தான். பிறகு சித்தப்பா நடையை விட்டுவிட்டுப் போனை நம்ப ஆரம்பித்தார்.

அவர் தூங்கும்போது போன் சமையலறை இழுப்பறையில் துண்டு சுற்றிக் கிடக்கும். அது ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொள்வது பூனையின் பொறுப்பு. ஏஜென்சி மேடம் பேசினால் 'சரி' என்று மட்டும் சொல், வேறெதுவும் வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார். அவன் அதைப் பெரிய பதவியாக எடுத்துக்கொண்டான். வீட்டுப்பாடத்தைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தே எழுதினான்.

போன் வந்தது. சித்தி கடையில் இருந்தார். சின்னவள் எங்கள் வீட்டில் சத்தத்தோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை போனைத் துண்டோடு எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, 'சரி' என்று சொல்லியிருக்கிறான். மேடம் மறுபடி போன் பண்ணினார். மறுபடியும் சொன்னான். மூன்றாவது முறையும் பண்ணினார். அப்போதும் சொன்னான்.

மறுநாள் சித்தப்பா வேலை முடிந்து வந்தபோது மேசைமேல் சாக்பீஸால் 'சரி சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருந்ததாம். அவர் மாடிக்கு வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு ஏஜென்சிக்குப் போனார், மேடத்துக்குப் பன் பொட்டலம் ஒன்று கட்டிக்கொண்டு.

மேடம் பொட்டலத்தைத் தொடவில்லை.

"மூணு தடவை போன் பண்ணினேன் சார். யாரோ எடுக்கறாங்க, பேச்சே இல்ல. காத்து வீசற மாதிரி உஸ்ஸுன்னு ஒரு சத்தம். லைன் சரியில்லன்னு நினைச்சேன். அதுக்குள்ள மேசை வேற இடத்துக்குப் போயிடுச்சு."



"அது காத்து இல்ல மேடம்" என்றார் சித்தப்பா. "என் பையன்."

இனி மேசை ஏதும் வராதா என்று கேட்டார். வராது, பட்டியலை மூடிவிட்டார்கள் என்றார் மேடம். பட்டியலை மூடினால் என்ன, திறக்கச் சொல்லக்கூடாதா என்றார். கப்பல்காரரிடம் தானே பேசுகிறேன், நம்பர் கொடுங்கள் என்றார். கூடத்தில் இல்லாவிட்டால் அடுப்படியில், நாலு பேரும் நின்றுகொண்டேகூடச் சாப்பிடுவோம் என்றார். அவர் அப்படிக் கெஞ்சுவதைப் பார்க்க முடியாமல் நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பா குடித்தார். பொட்டலத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

வழியில் ஒன்றுதான் சொன்னார். நடந்தது என்ன என்று பூனைக்குத் தெரியவேண்டாம் என்று.

பூனை வாசலில் காத்திருந்தான். மேசை எட்டே காலுக்குத்தான் கிடைத்தது என்று சித்தப்பா சொன்னதும் அவன் முகம் சுருங்கியது.

"நான் சரின்னு சொன்னேனே" என்றான். குனிந்தால்தான் கேட்டது.

"சொன்னே. அந்த மேடத்துக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "கப்பல்லயும் நான் ஆறு மணிக்குத் தூங்கிடுவேன். அது என் கையில இல்ல. எட்டே காலுக்கு நீதான் என்னை எழுப்பணும். தொடக்கூடாது, தட்டக்கூடாது. கூப்பிட்டு எழுப்பணும். இன்னிக்கே ஒத்திகை பாத்துடலாம்."

அந்த வீட்டில் யாரும் அவரை எழுப்பியதே கிடையாது. சித்தியின் போனில் வைக்கும் அலாரம்கூடத் தலையணைக்கு அடியில் அதிரும், அவ்வளவுதான். பூனை தன் அப்பாவை அண்ணாந்து பார்த்தான். ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே போடச் சொன்னது போலப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வழக்கம் போல விழுந்தார். பாசாங்கு ஒன்றும் இல்லை, நிஜத் தூக்கம். சித்தி வந்து சமைத்து, எட்டு மணிக்கு மேல் நான்கு தட்டு வைத்தார். நாங்கள் கீழே போகவில்லை. அம்மா மாடிப்படிக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு சின்னவள் மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"அண்ணன் கூப்பிட்டுட்டே இருக்கான், அப்பா எழுந்திரிக்கல. சோறு ஆறிப்போகுது. நான் கத்தட்டுமான்னு கேட்டேன், அம்மா கூடாதுங்கறாங்க."

அம்மா அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அப்பா டிவியை நிறுத்தினார். கீழே சித்தி தணிந்த குரலில் என்னவோ சொன்னார். இன்னும் கொஞ்சம் என்றோ, இன்னும் பலமாக என்றோ இருக்கலாம். நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சின்னவளுக்குக் கண் செருக ஆரம்பித்தது.

அப்போது தரை வழியாக ஒரு குரல் வந்தது.

"அப்பா."

உடைந்து, கரகரத்து, பாதியில் நூலறுந்தது போல நின்றுவிட்ட குரல். யார் குரல் என்று எங்களுக்கு உடனே பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் அதைக் கேட்டதில்லை.

கட்டில் கிறீச்சிடும் என்று காத்திருந்தோம். இல்லை. சித்தப்பா எழுந்திருக்கவில்லை.

பூனை மறுபடி கூப்பிட்டான்.